ஸ்கேன் அறை வாசல் பெஞ்சு

நம்பாதவர்கள் நம்பாமலே இருந்துகொள்ளுங்கள். காயத்ரிக்கு நடந்ததை நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆஸ்பத்திரி பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சிதம்பரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 9.20. கீரப்பாளையத்தில் உரக்கடை வைத்திருக்கும் அவள் புருஷன் ராஜ்கமல், கடை ஷட்டரைத் தூக்கும்போதே சரிந்தான். வாய் கோணிக்கொண்டது. வலது கை தொங்கிவிட்டது. ரெண்டு வருஷம் முன்பு கடலூரில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்த ஆள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ரெண்டு மாத்திரை சாப்பிடுகிறான்.

10.35க்கு ஆஸ்பத்திரி. 11.10க்கு ஸ்கேன் முடிந்தது. டாக்டர் அனுப்பிரியா வெளியே வந்தார்.

“மூளைக்குப் போற குழாயை ரத்தக்கட்டி அடைச்சிருக்கும்மா. கரைக்க ஊசி இருக்கு. அந்த மாத்திரை சாப்பிடுறதால ரத்தக்கசிவு ஆபத்து கொஞ்சம் ஜாஸ்தி. ஆனாலும் போடுறதுதான் நல்லது. ஒன்னு அம்பதுக்குள்ள போட்டாகணும். லேட்டாக லேட்டாக பலன் குறையும். கையெழுத்து போடுங்க.”

டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், பக்கத்து பெஞ்சைக் கேட்காமல் நம் ஊரில் யார் பேனாவைத் தொடுகிறார்கள்? காயத்ரி முதலில் தன் அண்ணன் இளவரசுவைத்தான் கூப்பிட்டாள். அவனுக்குச் செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி வேலை. போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது...

“எதுக்கு கண்ணு அழுவுற?”

பக்கத்தில் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். ரெண்டு பக்கமும் மூக்குத்தி. எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. காயத்ரி எல்லாவற்றையும் கொட்டினாள்.

“போடாத கண்ணு. எங்க வூட்டுக்காரரும் இந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டவருதான். ஊசி போட்டாங்க. மூக்கு, வாய்லாம் ரத்தம். ஒரு மணி நேரத்துல போயிட்டாரு.”

சொல்லும்போதே அவள் கண்ணில் தண்ணீர். காயத்ரியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பெற்றவளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது காயத்ரிக்கு.

12.05. தரை துடைக்கிற பெண் வந்தாள். “காலைத் தூக்கும்மா” என்று காயத்ரியிடம் மட்டும் சொன்னாள். அந்த அம்மாவின் கால் இருந்த இடத்தில் மாப் தடங்கலில்லாமல் போய் வந்தது. சளக்... சளக்...

காயத்ரி பார்த்தாள். மனதில் ஏறவில்லை.

12.30. நர்ஸ் வந்தாள்.

“கையெழுத்து?”

“அண்ணன் போனை எடுக்கட்டும்.”

நர்ஸ் போனதும் அந்த அம்மா முந்தானையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். கிரிச்...

“இதானே சாப்பிடுறாரு?”

அதேதான். ஆனால் மாத்திரை பெயரைக் காயத்ரி சொல்லவே இல்லையே...

1.20. டாக்டரே வந்தார்.

“இப்பவாவது போடுங்கம்மா.”

பேனா தாளைத் தொட்டது. மேலே மின்விசிறி. தாள் படபடத்தது. பக்கத்திலிருந்தவளின் தலையில் ஒரு முடிகூட அசையவில்லை.

காயத்ரியின் இன்னொரு கையைப் பிடித்திருந்த அவள் பிடி இறுகியது.

இன்னும் இறுகியது...

“வேணாம்.”

காயத்ரியின் வாய்தான் சொன்னது.

1.50.

அந்தப் பிடி விட்டது. திரும்பினாள்.

பெஞ்சு காலி.

ராஜ்கமல் பிழைத்தான். வலது பக்கம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. ஊசி போட்டிருந்தால்? “வந்திருக்கலாம்” என்றார் டாக்டர்.

ஒரு மாதம் கழித்து அவனைப் பிசியோதெரபிக்குக் கூட்டி வந்தபோது, வாட்ச்மேன் பொன்னுரங்கத்திடம் அந்த அம்மாவைப் பற்றி விசாரித்தாள். பாவம், புருஷனைப் பறிகொடுத்தவள், ஆறுதலாக ஒரு வார்த்தை பேசலாமென்றுதான் கேட்டாள்.

“ரெண்டு பக்கம் மூக்குத்தியா?” அவர் முகம் மாறியது. “முத்தம்மாள். அவுங்க வூட்டுக்காரருக்கு ஊசியே போடலம்மா. பயந்துகிட்டு கையெழுத்து போட மாட்டேன்னுட்டாங்க. அதே பெஞ்சுலதான் ஒக்காந்திருந்தாங்க. அவரு நாலு வருஷம் படுக்கைலயே கெடந்து போனாரு.”

“அப்ப எங்கிட்ட சொன்னது...?”

“அவரு போன மறுமாசமே அவுங்களும் போயிட்டாங்க. மூணு வருஷம் ஆவுது.”

காயத்ரிக்குப் பயம் வரவில்லை. வயிறு எரிந்தது. கூட உட்கார்ந்து அழுதாளே பாவி! நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே!

“எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்னா? நான் அவளுக்கு என்ன செஞ்சேன்?”

பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்தினார்.

“உங்ககிட்ட மட்டும் இல்லம்மா. அந்த அம்மா பேச்சைக் கேட்டு கையெழுத்து போடாம போனவங்கள்ல... நீங்க நாலாவது.”