கல்லை இறக்குவதற்கு முன்னால்

எதிர் டீக்கடைக்கு நெமிலிச்சேரியிலிருந்து போன் வந்தது. "மணவாளன் பூட்டான்." "எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். போனில் அவன் தம்பி அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவனை அறிந்த நண்பர்களே, எங்கள் கூட்டும் உங்களுக்குத் தெரியும். எண்பதுகளில் அம்பத்தூரில் ஒரு கிரைண்டர் கடையில் வேலை. மூன்று சக்கர வண்டியில் கிரைண்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக விற்கப் போவோம். மிதிப்பது நான், பேசுவது அவன். நான் நாலாவது தாண்டவில்லை, அவன் ஐந்தாவது. அந்த ஒரு வகுப்புக்கு என்ன பந்தா!

கதவு திறந்ததும் நான் கல்லை இறக்கப் போவேன். கையைத் தட்டிவிடுவான். "இரு மாமே. இந்த ஊட்டுல யாரு ஆட்டுவாங்கன்னு மொதல்ல கேளு." பதில் சரியில்லை என்றால் ஒரு கும்பிடு, அடுத்த வீடு. "ஒத்துவராதவங்க கையில வித்தா, வித்த அன்னிக்கு மட்டும்தான் சந்தோஷம்" என்பான்.

ஒரு மாதம் விற்பனை படுத்துவிட்டது. சனிக்கிழமைக்குள் ஒன்றாவது போகாவிட்டால் இரண்டு பேரில் ஒருவர் போதும் என்றார் முதலாளி. போவது யார் என்று சொல்லவே வேண்டாம். மிதிக்க எவனும் கிடைப்பான்.

சனிக்கிழமை கள்ளிக்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்த குடும்பம். அந்த வீட்டு மாமியார் பணத்தோடு நின்றார்.

"யாரும்மா ஆட்டுவீங்க?"

"மருமவதான். விடிகாலையில ஆட்டிட்டு கம்பெனிக்குப் போவா."

பின்னால் நின்ற மருமகளின் களைத்த முகத்தை மணவாளன் பார்த்தான். "அப்ப வேணாம்மா. வாடகை ஊடு, கீழ தூங்கறவங்க சண்டைக்கு வருவாங்க. தெருமுனையில கூலிக்கு ஆட்டித் தர்றாங்களே, அங்கயே குடுங்க."

படியிலேயே பொங்கினேன். "அண்ணாத்தே, உன் வாயில கல்லைப் போட்டு ஆட்ட! என் பொழப்பு இன்னா ஆவறது?"

"உன்னை அனுப்பினா நானும் வந்துடறேன். மூடிகினு இறங்கு."

கீழே வீட்டுக்காரம்மா வழியை மறித்தார். "எல்லாம் கேட்டுகினுதான் கீறேன். என் தலைமேல ஓடவிடாம போறீங்களே! எனக்கு ஒண்ணு இறக்குங்க. நானே ஆட்டுவேன், பகல்ல. மேல் வீட்டு மாவையும் சேர்த்து ஆட்டிக் குடுத்துடறேன்."

வண்டி மிதிக்கும்போது அவன் என் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான்.

பிறகு, தொண்ணூறுகளில், என் பெண்ணைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு நானும் ஒன்று கேட்டேன். "உங்க ஊட்டுல யாரு மாவு ஆட்டறது?" முதலில் வந்தவர்கள், "இனிமே உங்க பொண்ணுதான்" என்றார்கள். காபி கொடுத்து அனுப்பினேன். அடுத்து ஆவடியிலிருந்து வந்த பையன் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாங்க. அம்மாவுக்குக் கைவலி" என்றான். பக்கத்தில் இருந்த மணவாளன் என் தொடையைக் கிள்ளினான். "கல்லை இறக்கு மாமே!"

அவனுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். இன்று காலை மாப்பிள்ளை ஆட்டிய மாவில் இட்லி தின்றுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பஞ்சு மாதிரி இருந்தது, அண்ணாத்தே.