அலுங்காமல் ஒரு விண்டோஸ்

“தொட்டாச்சா?” என்று கேட்ட பிறகுதான் சாலமன்ராஜ் அண்ணாச்சி வணக்கத்துக்கே பதில் சொல்வார். விஸ்வநத்தம் சாலையில் அவருடைய கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. வாசலில் ஒரு செம்புத் தகடு அறைந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகிறது. வருகிறவர் யாராயிருந்தாலும் அதில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் படியேற வேண்டும்.

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் பதினோரு வருடம் மருந்து கலந்தவர். அங்கே பொறி பறந்தால் ஆள் மிஞ்ச மாட்டார். இங்கே பறந்தால் ஒரு சில்லு போகும். அண்ணாச்சிக்கு இரண்டும் ஒன்றுதான். பருத்திச் சட்டை தவிர வேறு போட மாட்டார். நான்கு பேருக்கு மேல் கடைக்குள் நிற்க விடமாட்டார். ஐந்தாவது ஆள் அவர் மச்சினனாகவே இருந்தாலும் வெயிலில்தான் நிற்க வேண்டும். மருந்தை வெயில் ஏறுமுன் கலந்து முடிக்கிற பழக்கம், பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து புது எஸ்எஸ்டி டிஸ்குக்கு விண்டோஸ் மாற்றுவதிலும் ஒட்டிக்கொண்டது. பத்து மணிக்கு மேல் தொட மாட்டார். அவரிடம் வேலை பழகுகிற நான், கடைக்குள் ஏசி ஓடுகிறதே என்றேன்.

“ஏசிக்குத் தெரியுமாலே, வெளிய எம்புட்டு வெயிலுன்னு?”

ஒருநாள் பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்து, அதில் தாள் துணுக்குகளை ஒட்டவைத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். சிரிக்கவில்லை. “ஏலே, மருந்து ரூம்ல இதப் பண்ணிருந்தேன்னா, உன்னச் சாக்குலதாம்லே அள்ளிருக்கணும்” என்றார். சீப்பு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

மாரிசெல்வி அக்கா வந்தபோது மணி பதினொன்றரை. அச்சகத்தில் பட்டாசு லேபிள் வரைகிறவர். பழைய வேட்டியில் சுற்றிய சிபியுவை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக் கொண்டுவந்திருந்தார். உள்ளே ஹார்ட் டிஸ்க் பல்லி மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

“லேபிளெல்லாம் பென்டிரைவுல இருக்கு அண்ணாச்சி. அதத் திறக்குற சாஃப்ட்வேர்தான் இதவிட்டா வேற எங்கயும் இல்ல. புதுசா விண்டோஸ் போட்டா அது அழிஞ்சுபோயிரும். சிடியும் இல்ல, வித்த கம்பெனியும் இல்ல. எனக்குத் தெரிஞ்சதும் அது ஒண்ணுதான். ‘பெட்டி செத்தா புதுப் பெட்டி, புது ஆளு’ன்னுட்டாரு மொதலாளி.”

அண்ணாச்சி வெளியே வெயிலைப் பார்த்தார். குனிந்து டிஸ்கில் காது வைத்துக் கேட்டார்.

“நாளைக்கு வரைக்கும் இது தாங்காது. சாமானத் தூக்கிட்டுப் போறது வேற. இது வீட்டையே அலுங்காமத் தூக்கிவைக்கணும். உக்காருங்க.”

எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றி அமுக்கினால், காலி டிஸ்க் நிறைந்த டிஸ்கின் மேல் ஏறி எல்லாவற்றையும் துடைத்துவிடும். அதனால் பெட்டிக்குச் சொந்தக்காரர் தன் வாயால் மூன்று தடவை சொன்னால்தான் அண்ணாச்சியின் விரல் இறங்கும்.

“எது பழசு?”

“முன்னூத்தி இருபது ஜிபி.”

“எதுல இருந்து எதுக்கு?”

“முன்னூத்தி இருபதுல இருந்து ஐநூறுக்கு.”

“இன்னொருக்கா.”

“கல்யாணத்துலகூட எங்கிட்ட ஒருவாட்டிதான் கேட்டாக அண்ணாச்சி.”

“அதான் இம்புட்டுக் கஷ்டம். சொல்லுங்க.”

மூன்றாவது தடவையும் சொன்னார். மேசைமேல் நகல் ஓடத் தொடங்கியது. சாலையில் லோடு லாரி போகும்போதெல்லாம் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். வாங்கிவைத்த டீயில் ஆடை கட்டியது. அறுபத்தொரு சதவீதத்தில் எண் நின்றுவிட்டது. பல்லி விடாமல் கத்தியது. அக்கா எழுந்தார்.

“அசையாதீக. ஒரே எடத்துல தடவிக்கிட்டு இருக்கு. இப்ப ஒரு அதிர்வு பட்டாலும் மிச்சத்தைப் படிக்காது.”

இருபது நிமிடம் எண் நகரவில்லை. எனக்குத் தும்மல் வந்தது, விழுங்கினேன். அறுபத்திரண்டு ஆனது. அறுபத்தேழு. பிறகு மளமளவென்று ஏறியது.

உட்கார்ந்த இடத்திலேயே பழையதைக் கழற்றி, எஸ்எஸ்டியைப் பெட்டிக்குள் மாட்டினார் அண்ணாச்சி. திரை வந்தது. அக்கா பென்டிரைவைச் செருகி அந்த சாஃப்ட்வேரை அமுக்கினார். லேபிளுக்காகப் பாதி வண்ணம் பூசிய சேவல், நேற்று விட்ட இடத்தில் அப்படியே நின்றது. அதன் வாலில் ஒரு இறகுக்குச் சிவப்பு ஏற்றிச் சேமித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாங்க அண்ணாச்சி, சூடா ஒரு டீ குடிப்போம்” என்றார்.

“நீங்க முன்னால போங்க. வாரேன்.”

அவர் எழுந்திருக்கவில்லை. நான் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். மேசையின் ஒரு கால் குட்டை. அது ஆடாமல் இருக்க இரண்டு மணி நேரமாகத் தன் பாதத்தை அடியில் கொடுத்திருந்தார். மரத்துப்போன அந்தக் காலை, யாருடைய காலையோ தூக்குவதுபோல, இரண்டு கையாலும் மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.