கடைசி பெஞ்சில் உயர்ந்த கை

எழுபதுகளில் செங்கல்பட்டுத் தொழிற்சாலையில் எங்கள் சங்கம் கூடும்போதெல்லாம் நெட்டையான ஃபிட்டர் ஒருவர் கடைசி பெஞ்சில் தனியாக உட்காருவார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டுதான் கை தூக்குவார். கல்யாணமாகாமல் தம்மோடு வாழும் பெண்ணுக்கும் கம்பெனி ஆஸ்பத்திரியில் வைத்தியம் வேண்டும் என்பார். அவளுக்கு மூச்சிழுப்பு. அவளை விட்டுப்போன புருஷன் உயிரோடிருந்ததால் இவரால் மணக்க முடியவில்லை.

“இன்னா மச்சான், தாலி வாங்க டப்பு இல்லியா?” என்று யாராவது கத்த, கூட்டமே சிரிக்கும்.

ஒருநாள் செயலாளர் என் எதிரிலேயே அவரிடம் சொன்னார்: “தங்கச்சின்னு எழுதிக் குடு அண்ணாத்த. நாளைக்கே வைத்தியம் கெடைக்கும்.”

“அப்டி எழுதிட்டு வூட்டுக்குப் போயி அவ மூஞ்சிய எப்டிப்பா பாக்கறது?”

அடுத்த கூட்டத்திலும் அவர் கை தூக்கினார். வீட்டில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவளும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பாளா என்று இன்றும் யோசிக்கிறேன்.