ராஜா கண் விழிக்கும் விளையாட்டு

மழைக்காலத்தில் காயாமல் தொங்கும் கொசுவலைக்கு ஒரு புளித்த வாடை உண்டு. சைகோனில் எங்கள் வீட்டுக் கட்டிலைச் சுற்றித் தொங்கிய அந்த வலைதான், எனக்கு ஒன்பது வயதான அந்த மழைக்காலம் முழுவதும், பிரான்சு தேசத்துப் பதினான்காம் லூயி மன்னரின் பட்டுத் திரை. உள்ளே அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த மன்னர் நான்.

கன்னியர் பள்ளியில் சரித்திரம் நடத்திய கன்னியாஸ்திரியான "மாசேர்", அந்த மன்னர் பெயரைச் சொல்லும்போதே கைகளைக் கோத்துக்கொள்வார். மன்னர் காலையில் கண் விழிப்பதே ஒரு திருவிழாவாம். அவருக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கும் பாக்கியத்துக்குப் பிரபுக்கள் முட்டி மோதுவார்களாம். "வாளால் அடக்க முடியாதவர்களை அவர் சட்டையால் அடக்கினார்" என்பார். எனக்கு அடக்குவதற்குப் பிரபுக்கள் இல்லை. எல்லோரும் "சி பா" என்று கூப்பிட்ட எங்கள் வியட்நாமியச் சமையற்காரியின் மகள் லான் இருந்தாள். என் வயதுதான், எங்கள் வீட்டிலேயே வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவாள்.

தினமும் பள்ளி விட்டு வந்ததும் நான் கண் விழிப்பேன். லான் திரையை விலக்கி, மூன்று முறை குனிந்து, என் சட்டையை எடுத்து நீட்டி, பிறகு மூத்திரச் சட்டியை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். ஒருநாள், "பாப்பா, நான் எப்ப ராஜா?" என்று கேட்டாள். சட்டி பிடிப்பதுதான் இருப்பதிலேயே பெரிய கௌரவம் என்று கூசாமல் புளுகினேன். அவள் அதை நம்பி இரண்டு கையாலும் பிடித்தாள். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அப்பா சுங்க அலுவலகத்தில் எழுத்தர். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்தவர். "நாம பிரான்சுக்காரங்க, மறந்துடாதீங்க" என்று சோற்றுக்கு உட்காரும்போதும் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மேலதிகாரி, ஒரு வெள்ளைக்கார "முசே", மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அவர் சாப்பிட்டு எழுந்ததும் அப்பா ஓடிப்போய் அவர் கழற்றி வைத்திருந்த கோட்டை எடுத்து வந்து, விரித்துப் பிடித்து, குனிந்து நின்றார். முதலில் வலது கை, பிறகு இடது கை. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

தட்டுகளை எடுக்க வந்த லான் சத்தமாகவே கேட்டாள்: "பாப்பா, உங்கப்பாவும் வெளையாடுறாரா?"

கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா சிரித்துவிட்டாள். குழந்தை உங்களுக்கு வணக்கம் சொல்கிறாள் என்று அப்பா பிரெஞ்சில் சமாளித்து, முசேயை வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். "என்னடி வெளையாட்டு? யாரு சொல்லிக் குடுத்தா?" லான் என்னைப் பார்த்தாள். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றேன்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது அடுப்படியில் வேறொருத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சி பா மகளையும் கூட்டிக்கொண்டு கான் ஹொய் துறைமுகத்துப் பக்கம் மூட்டை தூக்கப் போயிருப்பாள் என்றாள் அம்மா. "வேலைக்காரங்களை வைக்கிற எடத்துல வைக்கணும்" என்றார் அப்பா. உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான், நான் அகப்படவில்லை.

இன்று அந்தத் தெருவுக்கும் ஊருக்கும் வேறு பெயர். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறினார்கள், அவர்கள் பின்னாலேயே எங்களைப் போன்ற குடும்பங்களும் கப்பலேறின. எழுபத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட அந்த மன்னரின் பெருமையைப் பாடமாக ஒப்பிக்க அங்கே யாரும் மிச்சமில்லை.

அப்பா புதுச்சேரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, ஒருநாள் கஞ்சி ஊட்டிவிட்டுச் சொன்னேன்: "லானுக்கு அந்த வெளையாட்டை நான்தாம்ப்பா சொல்லிக் குடுத்தேன்."

"தெரியும்மா" என்றார். "அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏம்ப்பா அவங்கள அனுப்புனீங்க?"

"அந்தப் பொண்ணு சொன்னது நெசமாவே இருந்துச்சேம்மா."

அப்பா போய்ப் பல வருஷமாயிற்று. சி பாவும் லானும் என்ன ஆனார்கள் என்று அவரும் விசாரிக்கவில்லை. நானும் இன்றுவரை விசாரிக்கவில்லை.