திருப்பிப் போடாத பலகாரம்

ஓய்வு பெற்றதிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சமையல் வீடியோ பைத்தியம். இன்று க்ரம்பெட் என்கிற இங்கிலீஷ்காரர் பலகாரம். தோசைக்கல்லில் வளையங்களை வைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த மாவை ஊற்றினார். கேஸ்தான் எரிகிறது, மாவில் ஒரு குமிழியைக் காணோம். வீடெல்லாம் கள் வாடை.

அப்பா லீவில் வந்தால் எங்கள் சின்னமனூர் வீட்டிலும் இதே வாடைதான். மேகமலை எஸ்டேட் பங்களாவில் அவர் சமையல்காரர். பால் பவுடர் டின்னை வளையமாக வெட்டி, துரைமார் பலகாரம் என்று இதையேதான் எங்களுக்குச் சுடுவார். மேல்பக்கம் ஓட்டை ஓட்டையாக வெந்தால்தான் வெண்ணெய் உள்ளே இறங்குமாம். அவர் பீடி பிடிக்க வெளியே போனதும், அம்மா எல்லாவற்றையும் தோசை மாதிரி திருப்பிவிடுவார்.

"ஏ புள்ள, ஓட்டையெல்லாம் அடச்சுட்டியே!" என்று அப்பா கத்துவார்.

"பச்ச மாவப் பிள்ளைக திங்கவா? வயித்த வலிச்சா நீங்களா பாப்பீக?"

ஒவ்வொரு லீவிலும் இதே சண்டை. ஓட்டை விழுந்த க்ரம்பெட்டை நாங்கள் ஒருநாளும் தின்றதில்லை. அம்மாமீது அப்படி எரிச்சல் வரும் எனக்கு.

வாசலில் தண்ணீர் கேன்காரர் கூப்பிட்டார்.

"இப்பத்தான் ஓட்டை விழுது. பாத்துக்க, திருப்பிராத" என்று சொல்லிவிட்டு இவர் போனார்.

திரும்பி வந்தவர் கல்லைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பின்ன, பச்ச மாவத் திங்கவா?" என்றேன், கரண்டியைக் கீழே வைக்காமல்.