இலை இல்லாத மான்

பட்டுப்புடவைக்கு டிசைன் வரையும் வேலையில் முரளிக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. தொண்ணூறுகளின் கடைசியில், ஆப்பிரிக்கக் காடுகளில் ஆராய்ச்சி செய்த ஒரு பெண், தன் கல்யாணப் புடவை முந்தியில் ஒரு குட்டி மான் வேண்டும் என்று கேட்டு வந்தார். ஆட்டுக்குட்டி அளவுதானாம். சான்சிபார் தீவிலும் எதிரே கென்யாக் கரையோரத்திலும் மட்டும், அடர்ந்த புதருக்குள் வாழுமாம்; குரங்குகள் சிந்தும் பழத்தைப் பொறுக்கித் தின்னுமாம்.

நான் கிளைக்கொம்போடு ஒரு மான் கூட்டத்தையே வரைந்தேன். முரளி முந்தி முழுக்க இலையாகப் போட்டு, நடுவில் ஒரே ஒரு மானை எட்டிப் பார்க்க வைத்தான். அவர் அதைத்தான் எடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது.

தறிக்கான அட்டையில் துளை போடுவது என் பொறுப்பு. துளை இல்லாத இடத்தில் ஜரிகைப் பூ விழாது. மானைச் சுற்றியிருந்த இலைகளுக்கு நான் துளையே போடவில்லை.

மாதிரித் துணியைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. "புதரையெல்லாம் எடுத்துட்டீங்களே! அங்கேயும் விறகுக்காக இதைத்தான் பண்றாங்க. மறைவு போச்சுன்னா இது பிழைக்காதுங்க."

முரளி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். என்னையும் ஒருமுறை பார்த்தான்.

"வரைஞ்சதைக் கட்டத்தாள்ல ஏத்தும்போது நான்தாம்மா உட்டுட்டேன். மாத்திக் குடுத்துடறோம்."

அவர் போனதும் புது அட்டைகளை என் பக்கம் தள்ளினான். "நீயே குத்துப்பா. நான் உக்காந்துக்கினு கட்டம் எண்ணிச் சொல்றேன்."

மானிடமிருந்து நான் பறித்த மறைவை, அவன் எனக்குக் கொடுத்திருந்தான். அவன் கைத்திறன் மேல் இருந்த பொறாமை அன்றே போய்விட்டது. அவன் மனசின் மேல் வந்த பொறாமைதான் இன்னும் போகவில்லை.