அத்தை தேடிய வெள்ளை

எங்கள் வீட்டில் யாரைக் கிள்ளினாலும் சாயம்தான் வரும் என்று அம்மா கிண்டல் செய்வாள். அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, வாட்டர் கலரில் மலை வரைந்தவர். அப்பா குன்னூரில் கடைகளுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் போர்டு எழுதினார். அப்பாவின் தங்கையான என் அத்தை மட்டும் பிரஷ்ஷைத் தொடுவதில்லை. கத்தரிக்கோலும் மைதாப் பசையும்தான். கல்யாணப் பத்திரிகை, தேயிலைப் பாக்கெட், பஸ் டிக்கெட் என்று கையில் கிடைத்ததை வெட்டி ஒட்டி, மலையும் மனிதர்களுமாக ஆக்கிவிடுவார். சொந்தக்காரர்கள் அதை ‘ஒட்டு வேலை’ என்றார்கள். பாவம், வரைய வராத பிள்ளை என்று பரிதாபமும் பட்டார்கள். அத்தைக்கு அதெல்லாம் காதிலேயே விழாது.

நான் ஐந்தாவது படிக்கும்போது, ஊட்டியில் ஒரு கண்காட்சியில் அத்தையின் படத்துக்கு முதன்முறையாக இடம் கிடைத்தது. தேயிலைத் தோட்டத்தில் மூடுபனி இறங்குகிற படம். பச்சை முழுவதும் ஒட்டியாகிவிட்டது. மூடுபனிக்கு வெள்ளைதான் அமையவில்லை. வெள்ளையில் இத்தனை வெள்ளை உண்டென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பரீட்சைத் தாள் லேசாக நீலமடித்தது. பத்திரிகை பளபளத்தது. டெய்லர் கடையில் நான் கெஞ்சி வாங்கி வந்த தாள் பழுப்பு. ஒவ்வொன்றையும் ஜன்னலருகே பிடித்து, வெளியே நிஜமாகவே இறங்கிக்கொண்டிருந்த மூடுபனியோடு ஒப்பிட்டு, அத்தை உதட்டைப் பிதுக்குவார்.

ஒரு நாள் அவர் கண் கூடத்துச் சுவருக்குப் போனது. அங்கே அப்பாரு வரைந்த அவலாஞ்சி அணை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அவர் போன பிறகு எங்களிடம் மிஞ்சிய ஒரே படம். அதில் மூடுபனிக்கு அவர் வண்ணமே தொடவில்லை. நடுவில் தாளை வெறுமனே விட்டிருந்தார்.

“ஏனுங்கண்ணா, அதுல ஒரு கை அகலம் எடுத்துக்கட்டுங்களா?”

“அது அப்பாவோட கை. தொட்டீன்னா பாத்துக்க,” என்றார் அப்பா.

மறுநாள் அப்பா போர்டு எழுத நடுவட்டம் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது அணைப் படத்தின் நடுவே ஓட்டை. அத்தையின் தோட்டத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. அப்பா சாப்பிடாமல் படுத்தார், அத்தையோடு பேச்சையே நிறுத்திவிட்டார். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. அத்தை மலையை வெட்டினாரா, அணையை வெட்டினாரா? ஒன்றுமே வரையாத இடத்தைத்தானே எடுத்தார்!

கண்காட்சிக்கு அப்பா வரமாட்டார் என்றே நினைத்தோம். கடைசி நாள் வந்தார். அத்தையின் படத்துக்கு எதிரே வெகுநேரம் நின்றார். ஊருக்கெல்லாம் போர்டு எழுதுகிறவர், ‘தொடாதீர்கள்’ என்ற போர்டைப் பார்க்காதவர்போல அந்த வெள்ளையை ஒரு விரலால் தடவினார்.

“அப்பா வரஞ்ச மாதிரியே இருக்குது. இந்தக் குளுருக்குப் பசை விட்டுராம பாத்துக்க.”

“விடாதுங்கண்ணா,” என்றார் அத்தை.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. டிராயிங் நோட்டிலிருந்து புத்தம் புதுத் தாளைக் கிழித்து நீட்டினேன். “இத வெச்சு அந்த ஓட்டைய அடைச்சுரலாமுங்கப்பா. இதுவும் வெள்ளைதானுங்க?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் இருவருக்கும் கண் நிறைந்துவிட்டது. என் தாளை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. இதைவிடச் சுத்தமான வெள்ளைக்கு எங்கே போவார்களாம் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.